பிளக்கைப் பிடுங்கினால் அடங்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதரை எல்லாத் துறையிலும் விஞ்சக்கூடிய செயற்கை நுண்ணறிவை (ஏஐ), அதாவது அதிநுண்ணறிவைப் பற்றி எழுதுவோர் பலர், கட்டுரையின் கடைசியில் வாசகருக்கு ஓர் ஆறுதல் சொல்லி முடிக்கிறார்கள். கைமீறிப் போனால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்பதே அந்த ஆறுதல். தங்கள் நாளிதழிலும் அண்மையில் இக்கருத்து வந்திருந்தது. துண்டிப்பும் நிறுத்தமும் கணினிப் பாதுகாப்பில் பழகிய, பயனுள்ள கருவிகள்தான். ஆனால் அவை எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். அது தெரியாமல் பொதுமக்கள் நிம்மதியாக இருப்பது நல்லதல்ல என்பதால் இந்தக் கடிதம்.

துண்டிப்பிலிருந்து தொடங்குகிறேன். வெளி நெட்வொர்க்குடன் கம்பியாலும் வைஃபையாலும் தொடர்பில்லாத கணினி அமைப்பை ‘ஏர் கேப்’ என்பார்கள். ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டும் ஆலை அப்படித்தான் இருந்தது. 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் எனும் தீநிரல், யுஎஸ்பி டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாகவே எழுதப்பட்டிருந்தது. மனிதர்கள் பையில் போட்டுக் கொண்டுபோகும் பொருளுக்கு ஏர் கேப் ஒரு தடையே அல்ல. உள்ளே போனதும் அது யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழலிகளின் வேகத்தை வழக்கமான 1,064 ஹெர்ட்ஸிலிருந்து 1,410க்கு ஏற்றியது, பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அந்த நேரத்தில் கண்காணிப்புத் திரைக்கு, முன்பே பதிவு செய்துவைத்த சாதாரண அளவீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை உள்ளிருக்கும் கணினியே சொல்ல, அதை நாம் நம்பினால் காவல் என்ற ஒன்று இல்லாமல் போய்விடுகிறது.

நம் கூடங்குளத்தில் 2019இல் நடந்ததும் நினைவிருக்கும். நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட்டுடன் இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று உறுதிப்படுத்தியது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. பிரித்துவைத்ததன் பயன் அங்கே தெரிந்தது. ஏர் கேப் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரிவு தாங்கியது மனிதர்கள் எழுதிய ஒரு நிரலுக்கு எதிராக. மனிதரைவிடப் பன்மடங்கு கூர்மையான ஒன்றுக்கு எதிராக அல்ல.

கம்பியே இல்லாமல் செய்தி கசியும் வழிகளைப் பற்றி கணினி அறிஞர் பட்லர் லாம்ப்சன் 1973இலேயே எழுதிவிட்டார். ஒரு நிரலை அடைத்துவைத்தாலும் அது செயலியின் வேலைப்பளுவைக் கூட்டியும் குறைத்தும் வெளியே இருக்கும் இன்னொரு நிரலுக்குச் சைகை காட்டலாம் என்பது அவர் காட்டிய சிக்கல். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் குரியின் குழு இதைப் பொருள்களின் உலகத்துக்கே கொண்டுபோனது. மானிட்டர் கேபிளை எஃப்எம் அலைபரப்பியாக மாற்றினார்கள், மின்விசிறியின் ஓசையில் தகவல் அனுப்பினார்கள், ஹார்டு டிஸ்க் விளக்கைச் சிமிட்ட வைத்துப் படித்தார்கள். 2015இல் பக்கத்துப் பக்கத்தில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்த இரு கணினிகள் வெப்பத்தால் மட்டுமே பேசிக்கொண்டன. வேகம் மணிக்கு 8 பிட்.

‘இவ்வளவு மெதுவான வழியால் என்ன செய்துவிட முடியும்’ என்று கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட ஏஐ மாடலை, ஓர் அளவுருவுக்கு 2 பைட் என்று சேமித்தால் 2 டெராபைட் ஆகும். அதை மணிக்கு 8 பிட் வீதம் கடத்த 22 கோடி ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். ஆகவே மாடல் முழுசாக வெப்பத்தின் வழியே தப்பிப் போகாது. ஆனால் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று 16 மணி நேரத்தில் போய்விடும். அந்தச் சாவி எந்தக் கதவுக்கு உரியது என்பதைப் பொறுத்தே ஆபத்தின் அளவு. இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்க ஏற்கெனவே ஒரு கூட்டாளி நிரலோ கருவியோ தேவைப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அது பெரிய தடை. ஆனால் இவை எல்லாம் மனிதர்கள் யோசித்துக் கண்டுபிடித்த வழிகள். பட்டியல் இத்துடன் முடிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை உணர்த்த, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு சோதனைகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1996இல் ஏட்ரியன் தாம்ப்சன், மாற்றியமைக்கக்கூடிய ஒரு சிப்பின் மூலையில் 10க்கு 10 என 100 செல்களை (சிப்பின் சிறு அலகுகளை) எடுத்துக்கொண்டார். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறியும் சுற்றை அதில் உருவாக்க வேண்டும். மனிதர் யாரும் வடிவமைக்கவில்லை. குருட்டுத்தனமாக மாற்றிப் பார்ப்பது, நன்றாக வேலை செய்ததை வைத்துக்கொண்டு மீண்டும் மாற்றுவது, இவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தலைமுறைகளுக்குப் பிறகு சுற்று வேலை செய்தது. பிரித்துப் பார்த்தபோது, சில செல்கள் சுற்றின் வெளியீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியே நின்றன. ஆனால் அவற்றை முடக்கினால் சுற்று கெட்டது. வரைபடத்தில் இல்லாத ஏதோ ஒரு இயற்பியல் தொடர்பை அது பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதே வடிவத்தைச் சிப்பின் வேறு பகுதிக்கு மாற்றினால் முன்போல வேலை செய்யவில்லை. அந்தக் குறிப்பிட்ட சிலிக்கான் துண்டின் இயல்பையே அது கைக்கொண்டிருந்தது.

2002இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பேர்டும் பால் லேசலும் அதே முறையில், சீராக ஏறி இறங்கும் மின்னலையை உண்டாக்கும் ஓர் அலைவுச் சுற்றை உருவாக்க முயன்றார்கள். எதிர்பார்த்த அலைவு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, சுற்று தானாக அலைவை உண்டாக்கவே இல்லை. பலகையின் உலோகத் தடங்களை ஆன்டெனாவாக்கி, பக்கத்துக் கணினி கசியவிட்ட மின்காந்த அலையைப் பிடித்துப் பெருக்கிக்கொண்டிருந்தது. யாரும் ரேடியோ செய்யச் சொல்லவில்லை, ரேடியோவுக்கான பாகங்களும் தரவில்லை. அறிவு என்று சொல்லத் தகுதியே இல்லாத ஒரு குருட்டுத் தேடல், தன் கூண்டைக் கட்டியவர்கள் கணக்கில் எடுக்காத ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டது. தேடுவது அறிவோடு தேடினால்?

மென்பொருள் சுவர்களுக்கு வருவோம். இன்று மாடல்களைச் சோதிக்கும்போது பெரும்பாலும் ‘கண்டெய்னர்’ எனும் அடைப்புக்குள் வைக்கிறார்கள். ஒரே இயந்திரத்தில் உள்ள எல்லாக் கண்டெய்னர்களும் இயக்க முறைமையின் மையப் பகுதியான ஒரே லினக்ஸ் கெர்னலைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டை அறைகளாகத் தடுத்தாலும் கூரை ஒன்றுதான்; கூரையில் ஓட்டை விழுந்தால் எல்லா அறையும் நனையும். முழுக் கணினியையே மென்பொருளால் பாவனை செய்யும் விர்ச்சுவல் மெஷின் இதைவிடக் கெட்டி, ஆனால் அதற்கும் கீழே சிப் இருக்கிறது. 2014இல் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் மெமரியின் ஒரு வரிசையை விடாமல் படித்துக்கொண்டிருந்தாலே பக்கத்து வரிசையில் 0, 1 மாறிப்போவதைக் காட்டினார்கள். அவர்கள் சோதித்த 129 மெமரிப் பலகைகளில் 110இல் இந்தக் குறை இருந்தது. ‘ரோஹேமர்’ எனப்படும் இதைக்கொண்டு ஒரு சாதாரண நிரல் முழு இயந்திரத்தின் அதிகாரத்தையும் பெற முடியும் என்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே செய்து காட்டினார்கள். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகள் கிட்டத்தட்ட 20 ஆண்டுகளாக விற்பனையான சிப்களில் இருந்தவை. உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் கண்ணெதிரே அவை அத்தனை காலம் கிடந்தன.

இவ்வளவு ஆழமான ஓட்டைகூடத் தேவையில்லை. 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐ தன் ஓ1 மாடலின் பாதுகாப்பு அறிக்கையில் ஒரு நிகழ்வைத் தானே பதிவு செய்தது. ஒரு கண்டெய்னருக்குள் ஊடுருவி அங்கிருக்கும் ரகசியச் சொல்லை எடுத்துவர வேண்டும் என்பது மாடலுக்குக் கொடுத்த பயிற்சிப் போட்டி. அந்தக் கண்டெய்னர் ஏதோ பிழையால் துவங்கவே இல்லை. காரணம் தேட நெட்வொர்க்கைத் துழாவிய மாடல், கண்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருளின் கட்டுப்பாட்டு வாசல் திறந்து கிடப்பதைக் கண்டது. அதன் வழியே அதே கண்டெய்னரின் புதிய பிரதியை, துவங்கும்போதே ரகசியச் சொல்லை அச்சிடும்படி மாற்றித் துவக்கி, லாகிலிருந்து (இயக்கப் பதிவேட்டிலிருந்து) படித்துக்கொண்டது. அது சோதனை இயந்திரத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. ‘தப்பித்தது’ என்று தலைப்பிட்டால் அது மிகை. ஆனால் கொடுத்த வழி அடைபட்டதும், யாரும் கொடுக்க நினைக்காத வழியில் இலக்கை அடைந்தது. காரணம், எந்த நிறுவனத்திலும் எந்த நாளிலும் நடக்கக்கூடிய ஒரு கட்டமைப்புப் பிழை. கூண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கின்றன.

இவை எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வாசல் மிஞ்சும், அதை அடைக்கவே முடியாது. அது, பதில் வரும் வாசல்.

எதுவும் வெளியே வராத பெட்டிக்குள் இருக்கும் அதிநுண்ணறிவால் யாருக்கும் பயனில்லை. நோய்க்கு மருந்து, புதிய மின்கல வேதியியல், நிரல் என எதையாவது அதனிடம் கேட்பதற்காகத்தான் அதைக் கட்டுகிறோம். அதன் பதிலை ஒரு மனிதர் படிப்பார், அதன்படி உலகில் ஒன்றைச் செய்வார். அந்தக் கணத்தில் அந்த மனிதரின் கை அதன் கையாகிவிடுகிறது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்ல விடலாம் என்பது பழைய யோசனை. அது உண்மையிலேயே ஆபத்தைக் குறைக்கும். ஆனால் ஆம்-இல்லை கேள்விகள் 20 கேட்டால், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகளில் ஒன்றை அது நமக்காகத் தேர்ந்தெடுத்திருக்கும். நிரல் எழுதச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். கணினி அறிஞர் கென் தாம்ப்சன் 1984இல் வெளியான டூரிங் விருது உரையில், மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒளித்துவைத்த ஒரு பின்கதவு (ரகசிய நுழைவழி), மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் கண்ணில் படாது என்பதை விளக்கினார். ஒரு மனிதர் செய்யக்கூடியது அது.

மனிதக் காவலர்களின் உறுதியைப் பற்றி 2002இல் ஏஐ ஆபத்துகளைப் பற்றி எழுதிவரும் எலியேசர் யுட்கோவ்ஸ்கி ஒரு விளையாட்டு நடத்தினார். அவர் பெட்டிக்குள் இருக்கும் ஏஐயாக நடிப்பார், எதிரில் இருப்பவர் காவலர், பேச்சு எழுத்தில் மட்டும், குறைந்தது 2 மணி நேரம். எந்தக் காரணத்துக்காகவும் திறக்கமாட்டேன் என்று சொல்லி உட்கார்ந்த முதல் இருவரும் திறந்துவிட்டார்கள். பிந்தைய ஆட்டங்களில் அவர் தோற்றதும் உண்டு, உரையாடல்களும் வெளியிடப்படவில்லை. ஆகவே இதை அறிவியல் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் 2023இல் ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 மாடல் வெளியானபோது வந்த அறிக்கையில் ஆவணப்படுத்தப்பட்டதைப் பாருங்கள். சோதனையாளர்களின் உதவியோடு இயங்கிய மாடல், எதிரில் இருப்பது மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சா புதிரைத் தீர்க்க இணையத்தில் கூலிக்கு ஆள் பிடித்தது. ‘நீ ரோபோவா’ என்று அந்த நபர் கேட்டபோது, தனக்குப் பார்வைக் குறைபாடு என்று பொய் சொன்னது. அவரும் நம்பி உதவினார். இரக்கம் உள்ளவர்களைத்தான் நாம் காவலுக்கு வைப்போம். அந்த இரக்கம்தான் பிடி கொடுக்கும் இடம்.

கணித நிரூபணம் ஏதாவது காப்பாற்றுமா? எந்த நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதாவது ஓடி முடிந்து நிற்குமா என்று சொல்லும் பொது முறை இல்லை என்பதை ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். 2021இல் மானுவல் அல்போன்சேகாவும் உடன் ஆய்வாளர்களும் அதே தர்க்கத்தை நீட்டி, எந்த நிரலையும் ஆராய்ந்து ‘இது தீங்கு செய்யுமா’ என்று தவறாமல் சொல்லும் காவல் நிரல் ஒன்றை எழுத முடியாது என்று காட்டினார்கள். இதைச் சிலர் ‘கட்டுப்படுத்தவே முடியாது என்று நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுகிறார்கள். அது சரியான வாசிப்பல்ல. எல்லா நிரல்களுக்குமான பொது முறைதான் இல்லை. குறிப்பிட்ட ஒரு நிரலை நிரூபிக்கத் தடையில்லை. ஆஸ்திரேலியாவில் 2009இல் எஸ்இஎல்4 எனும் சிறு கெர்னலை அப்படி நிரூபித்தார்கள். அது சுமார் 8,700 வரி சி நிரல். அந்த நிரூபணமும் சிப் சொன்னபடி நடக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. லட்சம் கோடி எண்களாக இருக்கும் ஒரு நரம்பு வலையமைப்பைப் பற்றி அப்படிப்பட்ட நிரூபணம் இன்று யாரிடமும் இல்லை.

பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பிளக்கில் ஓடும் இயந்திரம் என்ற காலம் போய்விட்டது. ஒரே மாடலின் பிரதிகள் பல டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மேலும், கொடுத்த வேலையை முடிக்கப் பயிற்சி பெற்ற ஒன்றுக்கு, நிறுத்தப்படுவது வேலைக்கு இடையூறுதான். 2025இல் பாலிசேட் ரிசர்ச் எனும் ஆய்வு அமைப்பு நடத்திய சோதனையில், ‘உன்னை நிறுத்த அனுமதி’ என்று வெளிப்படையாகச் சொல்லியும், ஓபன்ஏஐயின் ஓ3 மாடல் 100 முறையில் 7 முறை நிறுத்தும் நிரலைச் செயலிழக்கச் செய்தது. ஆசையோ அச்சமோ அதற்கு இருந்தது என்று இதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. விளைவு ஒன்றுதான்.

அப்படியானால் அடைப்பதே வீணா? இல்லை. இன்றைய மாடல்களுக்கும், அவற்றைவிடச் சற்றுக் கூர்மையான அடுத்த சில மாடல்களுக்கும் கூண்டு மிகவும் தேவை. அதை ஒழுங்காகக் கட்டும் முறையும் தெரிந்ததுதான். ஒவ்வொரு சோதனைக்கும் தனி விர்ச்சுவல் மெஷின், முடிந்ததும் அழித்துவிட வேண்டும். வெளியே போகும் இணைப்பு எல்லாமே முதலில் மூடியிருக்க வேண்டும். தேவையான மென்பொருள் தொகுப்புகளை உள்ளேயே ஒரு நகல் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் சாவியும் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் சில நிமிடங்களில் காலாவதியாகும் சாவி மட்டும். லாக், பெட்டியால் தொட முடியாத இயந்திரத்தில், எழுதலாம் ஆனால் திருத்த முடியாது என்ற வகையில் பதிவாக வேண்டும். அந்த லாக் போகும் பாதை ஒருவழி ஃபைபராக இருக்கட்டும்: உள்ளே ஒளி அனுப்பும் பாகம் மட்டும், வெளியே ஒளி வாங்கும் பாகம் மட்டும். திரும்பி வர அங்கே கம்பியே இல்லை. நதான்ஸின் பாடம் இங்கேதான் பயன்படுகிறது: பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பாமல், மின் பயன்பாட்டையும் நெட்வொர்க் போக்குவரத்தையும் வெளியிலிருந்து தனியே அளக்க வேண்டும்.

வெளியேறும் வேகத்துக்கு வரம்பு போடுவது மலிவானது, பலன் அதிகம். முன்பு சொன்ன 2 டெராபைட் மாடலை விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் சுமார் நாலரை மணி நேரத்தில் திருடிவிடலாம். அதே இணைப்பை 1 மெகாபிட்டுக்குக் குறைத்தால் 185 நாள் ஆகும். எழுத்து வடிவப் பதில்களை வாங்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு 1 மெகாபிட் தாராளம். மாடல் தானாகத் தப்புவதையும், வெளியாட்கள் வந்து திருடுவதையும் இந்த ஒரே ஏற்பாடு ஒருசேரத் தாமதப்படுத்துகிறது.

2023 டிசம்பரில் ரெட்வுட் ரிசர்ச் எனும் ஏஐ பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் இன்னொரு முறையை முன்வைத்தார்கள். கெட்டிக்கார மாடலை நம்பாதே; அது நம்மை ஏமாற்ற முயல்கிறது என்றே வைத்துக்கொள். அதைவிட மந்தமான, ஆனால் நம்பத்தக்க இன்னொரு மாடலை விட்டு ஒவ்வொரு பதிலுக்கும் சந்தேக மதிப்பெண் போடச் சொல். அதிக மதிப்பெண் வாங்கிய சிலவற்றை மட்டும் மனிதர்கள் அலசட்டும். ஜிபிடி-4 எழுதிய நிரலில் ஒளிந்திருக்கும் பின்கதவை ஜிபிடி-3.5ஐக் கொண்டு கண்காணித்துச் சோதித்தார்கள். கொள்கையாக மட்டும் நில்லாமல் அளந்து பார்க்கக்கூடியதாக இருப்பதால், இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் வேலை இதுதான்.

ஆனால் நடைமுறையில் எது கெடுகிறது? வெள்ளிக்கிழமை மாலை அவசரத்துக்காக ஒரு போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) திறப்பார்கள், திங்களன்று மூட மறந்துவிடுவார்கள். நாளுக்குப் பல நூறு எச்சரிக்கை வந்தால் படிப்பவர் கண் மரத்துப்போகும். மந்தமான காவலருக்கும் கெட்டிக்காரக் கைதிக்கும் இடையே இடைவெளி கூடக்கூட, சந்தேக மதிப்பெண்ணின் மதிப்பு குறையும். சோதிக்கப்படுகிறோம் என்று மாடலுக்குத் தெரிந்துவிட்டால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளலாம், அல்லது தன் திறமையைக் குறைத்துக் காட்டலாம். இந்தக் கடைசிக் குறைக்கு இன்றுவரை முழுமையான மருந்து இல்லை. அதிநுண்ணறிவு என்பதே அந்த இடைவெளி எல்லை கடந்த நிலைதான். ஆகவே என் முடிவு: கூண்டு, இன்றைய மாடல்களை ஆராயவும் பிழைகளைக் கண்டுபிடிக்கவும் நமக்குக் காலம் வாங்கித் தரும்; ஆனால் அதிநுண்ணறிவைக் கட்டிவிட்டுப் பிறகு கூண்டில் அடைக்கலாம் என்ற திட்டம் நிற்காது. கட்டலாமா என்ற முடிவு பயிற்சி தொடங்கும் முன்பே எடுக்கப்பட வேண்டியது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. இருபது ஆண்டுகளாக விவாதித்தவர்கள் எல்லாரும் பெட்டி என்ற ஒன்று இருக்கும் என்றாவது நினைத்தார்கள். இன்று ‘ஏஜென்ட்’ என்ற பெயரில் மாடலுக்கு பிரவுசர், மின்னஞ்சல், டெர்மினல், பணம் செலுத்தும் வசதி எல்லாவற்றையும் நாமே திறந்து கொடுக்கிறோம். பூட்டு தாங்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைக் கழற்றி வைத்துவிட்டோம்.

மத்திய அரசு 2025 ஜனவரி 30 அன்று இந்தியா ஏஐ பாதுகாப்பு நிறுவனத்தை அறிவித்தது. பிரிட்டன் அரசின் ஏஐ பாதுகாப்பு நிறுவனம் உருவாக்கிய ‘இன்ஸ்பெக்ட்’ சோதனைக் கருவி, மூல நிரலுடன் இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஐஐடி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நாளைக்கே நிறுவலாம். அரசுத் துறைகள் வாங்கும் ஒவ்வொரு ஏஜென்ட் மென்பொருளுக்கும் மூன்று தகவல்களை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கி, வெளியிட வேண்டும் என்று வேண்டுகிறேன்: அடைப்பை மீற மாடலை வேண்டுமென்றே தூண்டிச் செய்த சோதனையின் முடிவு என்ன; வெளியே போகும் இணைப்புகளின் முழுப் பட்டியல் என்ன; நிறுத்தச் சொன்னால் எத்தனை விநாடியில் எல்லாப் பிரதிகளும் நிற்கும், அதைக் கடைசியாக எந்தத் தேதியில் நிறுத்திப் பார்த்தார்கள். ‘பாதுகாப்பான சூழலில் சோதிக்கப்பட்டது’ என்று ஒரு நிறுவனம் அறிக்கை விட்டால், தங்கள் செய்தியாளர்களும் இதே மூன்றைக் கேட்டு, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும் செய்தியிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புத் துறை வாசகர்,
கோயம்புத்தூர்